டப்பாவில் 4500, தொட்டியில் எவ்வளவு? மீன் தொட்டி மோட்டாரை அளந்து போடும் விதம்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்ட் பெட்டில் எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம். அசெம்பிளியிலிருந்து வரும் பம்பை மேடையில் மாட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போய், எந்த ஹெட்டில் (தண்ணீரைத் தள்ள வேண்டிய உயரம்) எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, அதற்கு எத்தனை வாட் இழுக்கிறது என்று எழுதுவதுதான் வேலை. "அஞ்சு எச்.பி. பத்தாதுங்க, ஏழரையாக் குடுங்க" என்று வரும் தோட்டக்காரர்களிடம், "தண்ணி எத்தனை அடியில நிக்குது, பைப் என்ன சைஸு, எத்தனை பெண்டு போகுது" என்று திருப்பிக் கேட்கச் சொல்லி விற்பனைப் பையன்களுக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான்.

அப்படிப்பட்டவன் மகளுக்காக மீன் தொட்டி வைத்தபோது, கடையில் "பெருசாப் போட்டுக்கங்கண்ணா, வேணும்னா வால்வு வெச்சுக் கம்மி பண்ணிக்கலாம்" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு, 4500 லிட்டர் என்று டப்பாவில் போட்ட மோட்டாரை வாங்கி வந்தேன். வேலையிடத்தில் ஒரு நாள் கூட இப்படிச் செய்திருக்க மாட்டேன். அந்த மோட்டார் பதினொரு மாதம் ஓடியது. கரண்டு பில் ஒவ்வொரு முறையும் 550 யூனிட்டைத் தாண்டி வந்தது. மூன்று ஏஞ்சல் மீன்கள் எந்நேரமும் தொட்டியின் ஒரு மூலையிலேயே ஒண்டிக்கொண்டு நின்றன. மனைவி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "சாக்கடை வாய்க்கால் பக்கத்துல படுத்த மாதிரி இருக்குங்க" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பில் கட்டும்போதுதான் உறைத்தது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சம்ப் என்றால் வாசலில் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வைக்கும் தரைத்தொட்டி அல்ல. மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேல்தொட்டித் தண்ணீர் ஓவர்ஃப்ளோ வழியாகக் கீழே இறங்கி, துணிப் பை, பஞ்சு, பயோ பால் (பாக்டீரியா ஒட்டி வளர்வதற்கான பிளாஸ்டிக் உருண்டைகள்) எல்லாவற்றையும் கடந்து கடைசி அறைக்கு வருகிறது. அங்கிருந்து அதை மறுபடியும் மேலே ஏற்றுகிற மோட்டார்தான் ரிட்டர்ன் பம்ப். இருபத்து நாலு மணி நேரமும், வருடம் முழுக்க ஓடுவது. வீட்டில் ஃப்ரிட்ஜுக்குக் கூட இடையில் ஓய்வு உண்டு, இதற்குக் கிடையாது. அதனால் இதில் ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்கு உண்டு: 10 வாட் கூடுதலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல் ஏறும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

என் மேல்தொட்டி 120 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரம். மேலே கொஞ்சம் காலியாக விட்டால் சுமார் 240 லிட்டர். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு சுற்ற வேண்டும் என்பது பழைய கணக்கு. இன்னும் பல கடைகளில் அதைத்தான் சொல்கிறார்கள். மேல்தொட்டிக்குள் தண்ணீரை அசைப்பதற்கும் ரிட்டர்ன் பம்பையே நம்பியிருந்த காலத்துக் கணக்கு அது. சம்ப் வழியாகப் போய்வர மூன்றிலிருந்து ஐந்து மடங்கு போதும் என்பதுதான் என் அனுபவம். இப்போது பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

ஏன் போதும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. தொட்டித் தண்ணீர் நன்றாகக் கலங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு நாலு மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஃபில்டரை எட்டிப் பார்க்காத தண்ணீர் 2 சதவீதத்துக்கும் குறைவு. எட்டு மடங்காக ஏற்றினால் அந்த 2 சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகும். அதாவது ஓட்டத்தை இரண்டு மடங்காக்கி நாம் வாங்குவது அந்த 2 சதவீதத்தை மட்டும்தான். இன்னொன்று, அம்மோனியா எவ்வளவு உண்டாகும் என்பதை முடிவு செய்வது மோட்டார் அல்ல, நாம் போடும் தீனி. பயோ பாலில் உட்கார்ந்திருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு அந்த அம்மோனியா. தண்ணீரை வேகமாகத் தள்ளினால் அதற்குச் சாப்பாடு கூடிவிடாது.

மாறாக, வேகம் கூடினால் துணிப் பையின் மேல் விளிம்பைத் தாண்டி அழுக்குத் தண்ணீர் வழியும், சம்பில் எழும் நுரைக்குமிழிகள் மேல்தொட்டி வரை ஏறும், ஓவர்ஃப்ளோ குழாய் கொடகொடவென்று கத்தும். எங்கள் வீட்டுச் சாக்கடைச் சத்தம் அதுதான்.

கடல் மீன், பவளம் வளர்ப்பவர்கள் இங்கே கை தூக்குவார்கள். "எங்களுக்கு இருபது மடங்கு ஓட்டம் வேணுமே?" வேண்டும்தான், ஆனால் அது தொட்டிக்குள் வேண்டிய ஓட்டம். அதை வேவ்மேக்கரிடம், அதாவது தொட்டிக்குள்ளேயே வைக்கும் சின்ன விசிறி மோட்டாரிடம் விடுங்கள். அது தண்ணீரை உயரம் தூக்குவதில்லை, இருந்த இடத்திலேயே தள்ளுகிறது. அதனால் பத்து வாட்டுக்குள்ளேயே மணிக்கு ஆயிரக்கணக்கான லிட்டரை அசைத்துவிடும். அதே தண்ணீரைக் கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றி அசைப்பது, ஆட்டுக்கல்லில் இருக்கிற மாவைக் கலக்க அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. கடல் தொட்டியில் ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) பம்ப் இழுக்கும் அளவுக்குச் சம்புக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் சரி.

எனக்கு வந்த விடை: 240-ஐ நாலால் பெருக்கினால் 960, முழுசாக மணிக்கு 1000 லிட்டர்.

எவ்வளவு உயரம்?

இங்கேதான் பலர் தப்பாக அளக்கிறார்கள். மோட்டார் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அளக்கக் கூடாது. மோட்டார் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் ஹெட் மாறாது. சம்பின் கடைசி அறையில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து, மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை அளக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் அந்த வாய் வரை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், அணைத்துவிட்டால் இரண்டு மட்டமும் மாறிவிடும். எங்கள் ஸ்டாண்டு ஒரு மீட்டர் உயரம், மகள் நின்றுகொண்டே பார்ப்பதற்காக அப்படிச் செய்தது. எனக்கு 125 செ.மீ. வந்தது.

இதோடு குழாயின் உராய்வையும் சேர்க்க வேண்டும். டெஸ்ட் பெட்டில் நான் தினமும் சொல்வதுதான்: பம்புக்கு எல்போ ஒரு சுவர். குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு சுமார் முப்பது மடங்காகும். இரண்டு மடங்கோ நாலு மடங்கோ அல்ல. நான் என்ன செய்திருந்தேன்? ஸ்டாண்டின் பின்பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்று முக்கால் இன்ச் பி.வி.சி.யில் ஐந்து எல்போ போட்டு, கடைசியில் வாத்து மூக்கு மாதிரி ஒரு நாசிலும் வைத்திருந்தேன்.

இப்போது டப்பாவைப் பாருங்கள். அதில் இரண்டு எண் இருக்கும். என் டப்பாவில் 4500 லிட்டர், 3.5 மீட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உயரமே இல்லாமல், குழாயே இல்லாமல் ஓடவிட்டால் 4500. மூன்றரை மீட்டர் உயரத்தில் குழாய்க்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தபடி நிற்கும், ஒரு சொட்டுக் கூட விழாது. நிஜ வாழ்க்கை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டப்பாவிலோ அதற்குள் இருக்கும் தாளிலோ ஒரு வளைகோடு போட்டிருந்தால் அதுதான் உண்மையான ஜாதகம். வளைகோடு இல்லாத மோட்டாரை நான் வாங்குவதில்லை. கட்டாயம் வாங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு நேர்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். வளைகோடு பெரும்பாலும் அதற்கு மேலேதான் புடைத்திருக்கும், அதனால் நேர்கோட்டை நம்பினால் ஏமாற மாட்டீர்கள்.

டப்பாவை நம்பாமல் அளப்பது

கணக்கெல்லாம் போட்ட பிறகும் ஒரு முறை நேரில் அளந்துவிடுங்கள். ஐந்து லிட்டர் பிடிக்கும் ஒரு சுத்தமான தண்ணீர்க் கேனின் மேல்பாகத்தை வெட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் ஐந்து முறை ஊற்றி, நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். பெயின்ட் டப்பா, எண்ணெய் டின் வேண்டாம், மீனுக்கு ஆகாது.

ரிட்டர்ன் குழாயின் கடைசித் துண்டைக் கழற்றி, கேனுக்குள் விழும்படி திருப்ப வேண்டும். முக்கியமான சங்கதி, குழாயின் வாய் வழக்கமாக இருக்கும் உயரத்திலேயே இருக்க வேண்டும். முதல் முறை நான் வசதிக்காக வாளியைத் தரையில் வைத்து அளந்தேன். ஹெட் காணாமல் போய்விட்டது, மோட்டார் குதிரை மாதிரி ஓடியது. நானும் "பரவாயில்லையே" என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள் வேலையிடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தொட்டி மூடியின் மேல் பலகை வைத்து, மகள் கேனைப் பிடித்துக்கொள்ள, ஒழுங்காக அளந்தேன்.

பத்து லிட்டர் வாளி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அளக்கும்போது மேலிருந்து தண்ணீர் திரும்பி வராது. சம்பின் கடைசி அறை சின்னது, பத்து லிட்டர் போனால் எங்கள் வீட்டில் நாலு விரற்கடைக்கு மேல் இறங்கிவிடும். மட்டம் இறங்க இறங்க ஹெட் கூடும், போதாக்குறைக்கு மோட்டார் காற்றையும் இழுக்க ஆரம்பிக்கும். ஐந்து லிட்டர் என்றால் தாங்கும். அளப்பதற்கு முன் சம்பில் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

செல்போனில் வினாடி எண்ணி, மூன்று முறை பார்த்து, சராசரி எடுங்கள். 18000-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். எனக்கு ஒன்பதரை வினாடி. அதாவது சுமார் 1900 லிட்டர். 4500 என்று காசு கொடுத்து வாங்கியது.

வாட்டை அளப்பதற்கு பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, வாங்கினால் சுலபம். இல்லாவிட்டாலும் ஈ.பி. மீட்டரே போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சிவப்பாக ஒரு எல்.இ.டி. மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் 1125-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட். எனக்குப் பதினைந்து வினாடி, 75 வாட். எல்லாவற்றையும் என்றால் ஃப்ரிட்ஜ், தொட்டி விளக்கு, ஏர் பம்ப், இன்வெர்ட்டர் எல்லாம்தான். முதல் தடவை இன்வெர்ட்டரை மறந்துவிட்டு, இரட்டிப்பாகக் காட்டுகிறதே என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆம்பியரை 230-ஆல் பெருக்கி வாட் என்று சொல்வார்கள். சின்ன ஏ.சி. மோட்டாரில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையாக வேலை செய்யும் பங்கு) மோசமாக இருக்கும், அந்தப் பெருக்கல் எப்போதும் கூடுதலாகவே காட்டும். வீட்டு மீட்டர் அந்தக் கூடுதலுக்குக் காசு கேட்பதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

75 வாட் என்பது இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அப்போது அரசு தந்த இலவச 100 யூனிட்டை முழுக்க இந்த ஒரு மோட்டாரே குடித்துவிட்டு எட்டு யூனிட் கடனும் வைத்தது. அதைவிடப் பெரிய அடி, 500 யூனிட்டைத் தாண்டிய வீடுகளுக்குக் கீழ்ப் படியின் சலுகை விலையும் போய்விடுகிறது. நாங்கள் 560-ல் நின்றோம்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி விடவில்லை. மணிக்கு 1900 லிட்டரை 125 செ.மீ. தூக்குவதற்கு உண்மையில் தேவைப்படும் சக்தி ஆறரை வாட். எனக்கு வேண்டியது 1000 லிட்டர்தான் என்றால் மூன்றரை வாட் கூட இல்லை. மிச்சமெல்லாம் எல்போவிலும், நாசிலிலும், மோட்டாரின் சூட்டிலும் போனது.

என்ன செய்தேன்?

கடையில் சொன்ன வைத்தியத்தையே முதலில் செய்து பார்த்தேன். மோட்டாருக்கு மேலே ஒரு பால் வால்வு வைத்து, கேன் பதினெட்டு வினாடியில் நிரம்பும் வரை மூடினேன். 1000 லிட்டர் வந்துவிட்டது. மீட்டரைப் பார்த்தால் 68 வாட். ஓட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி குறைந்தது, கரண்டில் குறைந்தது ஏழே வாட். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துகிற கதை. இதனால் மோட்டாருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, பில்லுக்குத்தான் பிரயோஜனமில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: உறிஞ்சும் பக்கத்தை அடைத்துக் குறைக்கப் பார்க்காதீர்கள். சத்தம் போட்டு, உள்ளே தண்ணீரைத் தள்ளிச் சுழலும் இம்பெல்லரைத் தின்றுவிடும்.

அடுத்தது குழாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, முக்கால் இன்ச்சைப் பிடுங்கிவிட்டு ஒரு இன்ச் போட்டேன். ஐந்து எல்போவில் மூன்றை எடுத்துவிட்டு, வளையும் ஹோஸை விட்டேன். நாசிலும் போனது. வால்வை முழுக்கத் திறந்து அளந்தால், அதே மோட்டாரில் கேன் ஆறே வினாடியில் நிரம்பியது. 3000 லிட்டர்! அது வரை 1100 லிட்டரைப் பிடித்து வைத்திருந்தது என்னுடைய அழகுணர்ச்சிதான். அவசரமாக வால்வை மூடினேன், ஓவர்ஃப்ளோ அவ்வளவு தண்ணீரை இறக்காது. மோட்டார் போதவில்லை என்று பெரிது வாங்கப் புறப்படுகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் குழாயை மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பயணம் மிச்சம்.

மூன்றாவதாகத்தான் மோட்டார். உராய்வையும் சேர்த்து 135 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, அந்த உயரத்தில் 1300-லிருந்து 1500 லிட்டராவது தரும் மோட்டாரைத் தேடினேன். 1000 போதும் என்றால் சரியாக 1000 மட்டும் தருவதை வாங்கக் கூடாது. குழாயில் பாசி கட்டும், இம்பெல்லரில் உப்புப் படியும், நாலு மாதத்தில் 800-க்கு இறங்கிவிடும். அந்தக் கூடுதல் 30, 40 சதவீதம் அழுக்குக்கான ஒதுக்கீடு.

எனக்குக் கிடைத்தது 3000 லிட்டர், 3 மீட்டர், 30 வாட் என்று போட்ட டி.சி. மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரோடு. பழையதைவிட இரண்டரை மடங்கு விலை. முழு வேகத்தில் கேன் ஒன்பது வினாடிக்குள் நிரம்பியது. பெரிய மோட்டார் பழைய குழாயில் தந்ததைவிட அதிகம். கன்ட்ரோலரைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 75 சதவீதத்தில் பதினெட்டு வினாடி. மீட்டர் 13 வாட் காட்டியது.

வேகத்தைக் கால்வாசி குறைத்தால் வாட் எப்படிப் பாதிக்கு மேல் குறைகிறது? ஓட்டம் வேகத்தோடு நேராக மாறும், ஹெட் வேகத்தின் வர்க்கமாக, சக்தி வேகத்தின் கனமாக. முக்காலை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 0.42 வரும். வால்வுக்கும் கன்ட்ரோலருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் இதே விதியில் ஒரு பொறியும் இருக்கிறது, இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். "டி.சி. மோட்டார் பெருசா வாங்கி அம்பது பர்சென்ட்ல ஓட்டினா கரண்டே ஆகாது" என்று ஒரு பேச்சு உண்டு. ஹெட் வர்க்கமாகக் குறையும் என்றேன் அல்லவா? 3 மீட்டர் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதன் உச்ச உயரம் முக்கால் மீட்டர்தான். என் தொட்டிக்கு ஒன்றேகால் மீட்டர் வேண்டும். தண்ணீர் மேலே வரவே வராது. என் கன்ட்ரோலரில் 65-க்குக் கீழே கொண்டுபோனதும் குழாய் வாயில் சலனமே இல்லை. கீழே மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டு, குழாயில் நிற்கும் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஆகவே டி.சி. வாங்கினாலும் டப்பாவின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். உங்கள் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருந்தால், குறைப்பதற்கு இடம் இருக்கும். எல்லாக் கன்ட்ரோலரிலும் அந்த எண் சரியாக வேகத்தையே குறிக்கும் என்றும் இல்லை. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் டி.சி. வேண்டுமா? என்னைக் கேட்டால், வேண்டாம். 2000 லிட்டர், 2.2 மீட்டர், 35 வாட் என்கிற மாதிரி அளவான ஏ.சி. மோட்டார் ஒன்றை நல்ல குழாயில் போட்டாலே என் தொட்டிக்கு 1000 லிட்டர் வரும். இரண்டு மாதத்துக்கு 50 யூனிட். அடாப்டர் எரியும் தொல்லை இல்லை. வோல்டேஜ் ஆடுகிற ஏரியாவில் இருந்தால், 500 யூனிட் பயம் உங்களுக்கு இல்லை என்றால், அதையே வாங்குங்கள். எனக்கு 560 இருந்ததால் கணக்கு வேறு. அடுத்த பில் 471 வந்தது.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் இழுக்கும் வாட் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரில்தான் சூடாக இறங்குகிறது. 75 வாட் ஒரு நாள் முழுக்க ஓடினால், வெளியே எங்கும் சூடு போகாது என்று வைத்துக்கொண்டால், சம்பையும் சேர்த்து என் 300 லிட்டரை ஐந்து டிகிரி ஏற்றும் அளவு. ஆவியாவதால் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனாலும் மோட்டாரை மாற்றிய பிறகு சித்திரை மாதத்தில் தெர்மாமீட்டர் ஒரு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டியது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5-தான். கோடையில் அந்த ஒரு டிகிரி லேசான விஷயமில்லை. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் மோட்டாருக்கு ஒரு முறையும், அதன் சூட்டை எடுக்கச் சில்லருக்கு இன்னொரு முறையும் காசு கட்டுகிறார்கள்.

கரண்டு போனால்

மோட்டார் மாற்றிய அன்றே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. ராத்திரி பதினொன்றுக்குக் கரண்டு போனது, ஹாலில் கால் வைத்தால் சளக் என்றது. ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு நாலு செ.மீ. கீழே இருந்தது. மோட்டார் நின்றதும் அதே குழாய் சைஃபனாக மாறி, வாய் காற்றைப் பார்க்கும் வரை மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துவிட்டது. என் தொட்டியில் ஒரு செ.மீ. என்பது 5.4 லிட்டர். நாலு செ.மீ.க்கு 21 லிட்டருக்கு மேல். சம்பில் அதற்கு எட்டு செ.மீ. இடம் வேண்டும், நான் விட்டு வைத்தது ஐந்து. இப்போது வாயை மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே தூக்கி வைத்திருக்கிறேன். சைஃபனை உடைக்கக் குழாயில் ஓட்டை போடலாம், ஆனால் அதில் பாசி அடைத்துக்கொள்ளும். நான்-ரிட்டர்ன் வால்வையும் நம்பாதீர்கள், ஒரு நத்தைக் குஞ்சு போதும் அதைத் திறந்தபடி நிறுத்த. சம்பில் இடம் இருந்தால் எதுவும் அடைத்தாலும் கவலையில்லை.

கையைத் தண்ணீரில் விடும் முன் பிளக்கைப் பிடுங்குவது, ஒயரை சாக்கெட்டுக்குக் கீழே ஒரு முறை தொங்கவிட்டு மேலே ஏற்றுவது, கரண்டு கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யைப் போர்டில் வைப்பது, இந்த மூன்றும் பேரம் பேச முடியாதவை.

பராமரிப்பு சுலபம். எங்கள் தெருவில் சிறுவாணி வராத நாளில் போர் தண்ணீர்தான், உப்புத் தண்ணி. இம்பெல்லரில் வெள்ளையாகக் காரை பிடிக்கும். மளிகைக் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, இம்பெல்லரையும் மூடியையும் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் புதுசாகிவிடும். எப்போது கழட்ட வேண்டும் என்பதற்குத் தேதி வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டுக் கதவின் உள்பக்கம் மாதம் ஒரு முறை கேன் நிரம்பும் வினாடியை எழுதி வைக்கிறேன். 18, 18, 20, 23. இருபத்து மூன்று வந்ததும் கழற்றினேன். அடுத்த வரி மறுபடி 18. மகள் அதன் பக்கத்தில் ஏஞ்சல் மீன் படம் வரைந்திருக்கிறாள், இப்போது மூன்றும் நடுத்தொட்டியில் நிற்கின்றன.

பழைய 75 வாட் மோட்டாரைத் தூக்கிப் போட மனமில்லை. "மொட்டை மாடிச் செடிக்குத் தண்ணி ஏத்த ஆகுமாங்க?" என்று மனைவி கேட்டாள். மூன்றரை மீட்டரில் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிடும் என்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டித் தண்ணீர் மாற்றும்போது, பழைய தண்ணீர் 60 லிட்டரைக் கொல்லைக் கறிவேப்பிலை மரத்துக்குத் தள்ளுகிறது. வாரத்துக்கு இரண்டு நிமிடம்.